யார் அந்த உவள்?

செய்தி வந்தபோது வேலை முடிந்து பிக்கரிங் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பழைய அணியின் வாட்ஸ்அப் குழுவில் நிவேதாவின் குரல்பதிவு ஒன்று. அந்தக் குழுவின் பெயர் ‘யார் அந்த உவள்?’ அதில் வருவதெல்லாம் பகிடிதான் என்பதால் சிரிக்கத் தயாராகவே காதில் வைத்தேன். “கோச் போயிட்டாங்கடி,” என்றாள் நிவேதா. பதிவை மறுபடியும் காதில் வைத்தேன். பக்கத்தில் நின்ற பெண் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். முன்பின் தெரியாதவர்களிடம் நான் வாய் திறப்பதில்லை. அன்று திறந்தேன். “என் கோச் இறந்துவிட்டார்.” பெட்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பயிற்சியாளர் வதனி அக்கா அங்கே நின்றிருந்தால், “ஓம், இப்ப கேக்குது,” என்றிருப்பார்.

அக்காவை அறிந்த உங்களுக்கு அவர் செய்ததை நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். ஸ்காபரோவில் உள்ள எங்கள் சிறிய கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணியை அவர் பொறுப்பேற்றபோது அது எல்லாரிடமும் தோற்கும் அணி. இன்று கல்லூரி வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாகாணக் கிண்ணம் இருக்கிறது. இடைப்பட்ட வருடங்கள் முழுவதும் அவர் காலையிலும் பிற்பகலிலும் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். மாலையில் எங்களை ஓட்டினார்.

என்னை அவர் கண்டுபிடித்தது வோபர்னில், நான் பகுதிநேரமாக வேலை செய்த தமிழ்க் கடையில். மேல்தட்டிலிருந்து ஊறுகாய்ப் போத்தல் ஒன்று நழுவியது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நான் கையை மட்டும் நீட்டிப் பிடித்தேன்.

“கீப்பர்!” என்று ஒரு சத்தம். திரும்பினால், கையில் கத்தரிக்காய்ப் பையுடன் ஒரு பெண்மணி.

“எந்தக் கொலிச், பிள்ளை?”

சொன்னேன்.

“கடவுளே, எங்கட கொலிச்!”

“எனக்கு விளையாடத் தெரியாது, அன்ரி.”

“அன்ரியோ? அது கடைக்குள்ள. நாளைக்கு மைதானத்திலை கோச் எண்டு கூப்பிடோணும்.”

நான் வருவதாகச் சொல்லவே இல்லை. அவருக்கு அது ஒரு பொருட்டாகவும் இல்லை. ஆண்களின் ஆட்டத்துக்குள் அழையாமலே நுழைந்து விளையாடப் பழகியவர் அவர். சிறுமியாக இந்த நாட்டுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணின் கட்டடங்களுக்கு நடுவே, சீமெந்துத் தரையில், பெடியன்களுடன் முட்டிமோதி விளையாடி வளர்ந்தவர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு என் பட்டம்தான் எல்லாம். அக்கா அந்த வாரமே வீட்டுக்கு வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

“பந்தடிச்சு என்ன வரப்போகுது, தங்கச்சி?” என்றார் அப்பா.

“ஒண்டும் வராது, அண்ணை. ஆனா இவள் வாய் திறந்து கதைச்சு நீங்கள் கேட்டிருக்கிறியளோ?”

அப்பா யோசித்தார். “தேத்தண்ணி வேணுமோ எண்டு கேப்பாள்.”

“கோலுக்கை நிண்டா கத்தத்தான் வேணும். கத்தாட்டி பந்து உள்ளை போயிடும். படிப்புக்கு நான் பொறுப்பு.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு நான் அங்கே இல்லாததுபோல அக்காவிடமே கேட்டார்: “கத்துவாளோ?”

அந்த வருடத்தோடு அணியே இல்லாமல் போயிருக்கும். ஆட்கள் போதாமல் ஓர் ஆட்டத்தையாவது கைவிட்டால் பெண்கள் அணியை மூடிவிடுவோம் என்று கல்லூரியின் விளையாட்டுப் பகுதி அக்காவிடம் சொல்லியிருந்தது. களத்தில் குறைந்தது ஏழு பேர் நின்றால்தான் ஆட்டம். ஒக்டோபரில் ஒருநாள், கொட்டும் மழை, நெடுஞ்சாலை அசையவில்லை, நாங்கள் நின்றது ஆறு பேர். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். அக்கா அவரிடம் மழையைப் பற்றியும் புல்லைப் பற்றியும் அவருடைய சப்பாத்தைப் பற்றியும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். அப்போது பஸ் தரிப்பிடத்திலிருந்து மரிசா ஓடி வந்தாள். பிலிப்பினோப் பெண், எங்கள் பின்கள வீராங்கனை. கோப்பிக் கடை வேலையிலிருந்து ஏப்ரனோடு வந்திருந்தாள். அக்கா அந்த ஏப்ரனுக்கு மேலேயே ஜேர்சியை மாட்டிக் களத்துக்குள் தள்ளினார்.

தோற்றோம். எத்தனை கோல் என்பதை, அத்தனையும் என்னைத் தாண்டிப் போனவை என்பதால், எழுதமாட்டேன். ஆட்டம் முடிந்ததும் அக்கா சேற்றில் துள்ளிக் குதித்தார். “நிண்டிட்டம்! ஏழு பேரும் கடைசிவரைக்கும் நிண்டிட்டம்!” வென்ற அணி தாங்கள் உண்மையில் வென்றோமா என்ற சந்தேகத்துடன் எங்களைப் பார்த்துக்கொண்டு போனது.

அடுத்த வருடம் கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்த நிவேதா அணியில் சேர்ந்தாள். காற்று மாதிரி ஓடுவாள். முதல் ஆட்டத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி அவளுக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். அக்கா கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார்: “நிவேதா, உவள்! உவளைப் பிடி!”

நிவேதா அப்படியே நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அதற்குள் கோல் விழுந்துவிட்டது.

இடைவேளையில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: “கோச், யாரு அந்த உவள்? நம்பர் சொல்லுங்க, பிடிக்கிறேன். லிஸ்ட்ல அப்படி ஒரு பேரே இல்லையே!”

நாங்கள் புல்லில் விழுந்து சிரித்தோம்.

“உவள் எண்டா உனக்குப் பக்கத்திலை நிக்கிறவள்!”

“பக்கத்துல நின்னா இவள்தானே?”

“எனக்குப் பக்கத்திலை நிண்டாத்தான் இவள். உனக்குப் பக்கத்திலை நிண்டா உவள். ரெண்டு பேருக்கும் தூரமெண்டா அவள்.”

“ஸ்கூல்ல சுட்டெழுத்துன்னு அ, இ, உ மனப்பாடம் பண்ணியிருக்கேன் கோச். அந்த ‘உ’வை நிஜமாவே பேசுற ஆளுங்க இருக்காங்கன்னு யாரும் சொல்லல!”

எல்லாரும் மறுபடி சிரித்தோம். அக்கா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்தார். பிறகு குந்தியிருந்து அவற்றை எதிரணி ஆட்கள்போலப் புல்லில் நிறுத்தத் தொடங்கினார். ‘இவள்’ என்றால், நான் பிடித்துவிட்டேன். ‘உவள்’ என்றால், உன் பக்கத்தில் நிற்கிறாள், நீ பிடி. ‘அவள்’ என்றால், தூரத்தில் ஒருத்தி தனியாக நிற்கிறாள், யாராவது ஓடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு வசனம் முழுவதும் கத்தவேண்டிய விஷயம். அதற்குள் பந்து வலைக்குள் போய்விடும். மரிசா அந்த இடைவேளைக்குள்ளேயே மூன்று சொல்லையும் பாடமாக்கிவிட்டாள். அதன் பிறகு எங்கள் தற்காப்பைப் பார்க்க நீங்கள் வந்திருக்கவேண்டும்! பல நாட்டுப் பிள்ளைகள் யாழ்ப்பாணத் தமிழில் கத்திக்கொண்டு ஓடினார்கள். வெல்லத் தொடங்கினோம்.

எல்லாரையும் முன்னால் வைத்துப் பார்ப்பவள் கோல்காப்பாளர். அந்தச் சொற்கள் முதலில் வரவேண்டியது என் வாயிலிருந்துதான். எனக்கு எல்லாம் தெரியும், சத்தம்தான் வராது. ஒவ்வொரு பயிற்சியிலும் அக்கா மைதானத்தின் மறுகரையில் போய் நின்று, காதில் கையை வைத்துக்கொள்வார். “கேக்கேல்லை! முதலிலை கண்டதைச் சொல்லிப்போடு. பந்து பிடிக்கிறதைப் பேந்து பாப்பம்.”

என் கடைசி வருடத்தில் மாகாண இறுதியாட்டம். ஒரு கோல் முன்னால் நிற்கிறோம். முடிய ஓரிரு நிமிடங்கள். எதிரணிக்கு கோர்னர். மூலையிலிருந்து அடித்த பந்து உயர்ந்து வருகிறது, எல்லாக் கண்களும் பந்தில். நான் பார்த்தது அதையல்ல. கோலின் தூரக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒருத்தி சத்தமில்லாமல் வந்து நின்றாள். அவளோடு யாருமில்லை.

“அவள்!”

அது என் குரல் என்பது எனக்கே பிறகுதான் விளங்கியது. மரிசா திரும்பிப் பார்க்கவில்லை, அந்தச் சொல்லை நம்பி ஓடினாள், பாய்ந்தாள், பந்து அவள் தலையில் பட்டு வெளியே பறந்தது. விசில்! எல்லாரும் எல்லாருக்கும் மேலே விழுந்தோம். அக்கா ஓடி வந்து, அந்தக் குவியலிலிருந்து என்னை இழுத்தெடுத்து, கன்னங்களைப் பிடித்துக்கொண்டு சொன்னது இரண்டே சொல்: “இப்ப கேட்டுது.” பார்வையாளர் வரிசையில் அப்பா பக்கத்தில் இருந்தவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். “கத்தினவள் என்ரை மகள்! என்ரை மகள்!”

கைகுலுக்க வந்த எதிரணிப் பயிற்சியாளர், எங்களுடைய உவள் எந்த இலக்கம், சிறந்த வீராங்கனை போலிருக்கிறது, எல்லாரும் அவளையே கூப்பிடுகிறார்கள் என்று கேட்டார். அவள் எல்லா இடத்திலும் விளையாடுவாள் என்று அக்கா முகம் மாறாமல் பதில் சொன்னார். அன்றிரவே எங்கள் குழுவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

தன் நோயைப் பற்றி அக்கா எங்களில் எவருக்கும் சொல்லவில்லை. “நம்மளை மட்டும் கத்து கத்துன்னாங்க, அவங்க வாயே திறக்கலையே!” என்று நிவேதா அழுதாள். எனக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அக்கா இல்லாமல் இந்த அணி நிற்குமா? இரண்டு வருடமாக உதவிப் பயிற்சியாளராக இருந்த மரிசாவிடம் கல்லூரி பொறுப்பைக் கொடுத்திருந்தது, இந்தப் பருவத்துக்கு மட்டும், பிறகு பார்ப்போம் என்று.

போன சனிக்கிழமை முதல் ஆட்டம். பழைய பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தோம். கோலில் நின்றது இந்த வருடம் சேர்ந்த சோமாலியப் பெண். அக்காவைக் கண்டதே இல்லாதவள், தமிழ் பேசத் தெரியாதவள். ஒன்றுக்கு ஒன்று. எதிரணிக்கு கோர்னர். பந்து உயர்ந்தது. தூரக் கம்பத்தில் ஒருத்தி தனியாக நின்றதைக் கண்டு நான் எழுந்து வாயைத் திறந்தேன்.

“அவள்!”

எனக்கு முன்னமே அந்தப் பெண் கத்திவிட்டாள். மைதானத்தின் மறுகரைக்குக் கேட்கும்படி. மூன்று பேர் ஒரே நேரத்தில் ஓடினார்கள், பந்து வெளியே பறந்தது. மரிசா கோட்டருகே அக்காவைப்போலவே துள்ளிக் குதித்தாள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது என் சத்தம். வேலையிடத்தில், கூட்டங்களில், ரயிலில், கண்டதைக் கண்டவுடன் சொல்லும் சத்தம். அன்று அது ஒரு நொடி பிந்தித்தான் வந்தது, ஆனாலும் விடவில்லை, நிவேதாவும் மற்றவர்களும் சேர்ந்து வரிசையில் நின்று “அவள்! அவள்!” என்று கத்தினோம். எதிர்ப்பக்கத்தில் அவர்களுடைய பயிற்சியாளர் எங்கள் அணியின் பெயர்ப்பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.