நூறு கிராமுக்கு முப்பது

என் எழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ‘ர’ எங்கே வரும் என்பதில் இன்றும் தடுமாற்றம்தான். பொறுத்துக்கொண்டு படியுங்கள். பைபர் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் முன்னால் பேசச் சொன்னார்கள். நாலு பேரைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

1. படகுக் கொட்டகைக்கு வந்த கார்

சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் பைபர் படகு கட்டும் வேலையைக் கற்றேன். சில வருடம் கழித்து, சீர்காழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே கொட்டகை போட்டேன். ஒரு நாள் பெரிய வீட்டு முரளி வந்தார். சென்னைப் பக்கம் கார் ரேஸ் ஓட்டுகிறவர். காரின் முன்பக்க மூடியை, அந்த இரும்பு பானட்டை எடுத்துவிட்டு, கார்பன் பைபரில் ஒன்று வேண்டும் என்றார்.

“நீங்க செஞ்ச படகைப் பாத்தேன் அண்ணே. பினிஷிங் பிரமாதம். எனக்கு எடை குறையணும், அவ்வளவுதான்.”

அவர் அண்ணே என்றதும் எனக்கு வேர்த்துவிட்டது. என் அப்பா அவர் தாத்தாவின் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். அந்த நிலத்துக்காக என் அண்ணன் பெரிய வீட்டின் மேல் வழக்குப் போட்டிருந்தார். ஆட்சி இரண்டு முறை மாறியும் வழக்கு முடியவில்லை.

கூட வந்த காரியஸ்தர் என் காதுபடவே சொன்னார்: “கேஸு போட்ட வீட்டுல கொண்டாந்து காரை நிறுத்துறீங்களே தம்பி.”

அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். டீக்கடையில் சத்தமாக, “எந்தம்பி செய்யிற மூடி ரேஸ்ல பறக்கும் பாருங்கய்யா! வண்டி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம்!” என்றார். கடையே சிரித்தது. மூலையில் உட்கார்ந்திருந்த காரியஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை.

2. மழை பிடித்த நாள்

பழைய பானட்டை வைத்து மோல்டு, அதாவது அச்சு எடுத்தேன். வாக்ஸ் தேய்த்தேன். கார்பன் துணியும், அதை ஒட்டும் எபாக்சி பசையும், பசையை இறுக வைக்கும் ஹார்டனரும் முரளியே வாங்கி வந்தார். துணி ஒரு பானட்டுக்குத்தான் வரும். “நூறு கிராமுக்கு முப்பது கிராம் ஹார்டனர். இதுல விளையாடக் கூடாது” என்று சொல்லி, சுவரில் கரியால் எழுதிவிட்டுப் போனார்.

படகுக்குப் போடும் ரெசின் பசை வேறு. மழை நாளில் அது இறுக நேரமாகும். கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகிவிடும். படகு வேலைக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. எபாக்சி அப்படி இல்லை. அதில் ஹார்டனர் கூடினால் எத்தனை நாள் போனாலும் சரியாக இறுகாது.

முதல் மூன்று கலவையையும் தராசில் வைத்துத்தான் கலந்தேன். நாலாவதைக் கலக்கும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குள் சாரல். கை தன்னால் போய்ப் படகுக்கு ஊற்றுவதுபோல் கூட ஊற்றிவிட்டது. அதை இடது முன்மூலைத் துணியில் ஊற்றி ரோலர் ஓட்டி, பிளாஸ்டிக் உறை மூடி, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதுதான் சுவரைப் பார்த்தேன்.

மோல்டிலிருந்து கழற்றியபோது பானட் கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் இடது முன்மூலையில், அதைப் பூட்டும் இரும்புப் பின் உட்காரும் இடத்தில், நகத்தை அழுத்தினால் தடம் விழுந்தது. காசால் தட்டிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் டக்கென்றது. அங்கே மட்டும் தொப்பென்றது.

பல்பு வெளிச்சத்தில் காயவைத்தேன். காயவில்லை. மேலே ஒரு கோட் கிளியர் வார்னிஷ் அடித்தேன். தடம் மறைந்தது. அதை அடித்தது நான்தான், இன்னொருவர்மேல் போட முடியாது.

சொன்னால் காரியஸ்தர் வேண்டுமென்றே செய்தான் என்பார். சொல்லாமல் விட்டு, வேகத்தில் மூடி பிய்ந்து முரளியின் முகத்துக்கு நேராக வந்தால், டீக்கடைப் பேச்சுக்கு ஊரே சாட்சி. இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து மூன்று நாளை ஓட்டினேன்.

3. கயிறு

நாலாம் நாள் முரளி சின்ன லாரியோடு வந்தார். பானட்டைக் காரில் மாட்டினார்.

“ஒரு கையால தூக்குறேன் பாருங்கண்ணே! அப்பளம் மாதிரி இருக்கு!”

காரை லாரியில் ஏற்றினார்கள். டிரைவர் கயிறு கட்ட ஆரம்பித்தார். “கொஞ்சம் இருங்க” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை கத்தியேவிட்டேன்.

“இடது பக்கத்துப் பின்னைப் புடிச்சு இழுங்க.”

முரளி மேலே ஏறி இழுத்தார். துணியின் ஒரு அடுக்கோடு பின் கையில் வந்துவிட்டது.

“சொன்னேனா இல்லையா! திட்டம் போட்டுச் செஞ்சிருக்கான்” என்றார் காரியஸ்தர்.

“நீங்க சும்மா இருங்க.” முரளி என் பக்கம் திரும்பினார். “என்ன பண்ணுனீங்க?”

“ஹார்டனர் கூட ஊத்திட்டேங்க. படகுக்கு ஊத்துற மாதிரி. கை பழக்கம்.”

“எப்பத் தெரியும்?”

“கழட்டுன அன்னிக்கே.”

“இந்தக் கிளியர்?”

“மறைக்கத்தாங்க அடிச்சேன்.”

அவர் பின்னை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “நாளன்னிக்கு நான் இதுக்குப் பின்னாடிதான் உக்காந்திருப்பேன்” என்றார்.

இரும்பு பானட்டை மாட்டிக்கொண்டு போனார். அந்த ரேஸில் பின்தங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் அவர் மறுபடி வேலை கொடுக்கவில்லை. வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போகும்போது எதிரில் வந்தால் தலையை மட்டும் அசைப்பார்.

அதற்குப் பிறகு வேறு ஆட்களுக்குக் கார்பன் வேலை நிறையச் செய்துவிட்டேன். ஒவ்வொரு கலவைக்கும் தராசு உண்டு, மழையோ வெயிலோ. புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கை தப்பு செய்யும். தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள், கேட்கிறவர் யாராக இருந்தாலும். நான் சொன்னேன் என்று பெருமைப்பட முடியவில்லை. டிரைவர் கயிற்றைக் கட்டி முடித்து லாரி கிளம்பியிருந்தால், பின்னாலேயே ஓடிப்போய் நிறுத்தியிருப்பேனா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆவணி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.