வத்தலில் விழுந்த சிரட்டைக் கரி

பரீட்சைக்குப் படிக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் விளாங்குடியில் அந்த மொட்டைமாடி அறையை வாடகைக்குப் பிடித்தோம், நானும் என் அத்தை மகனும். அவனை நான் மாப்ள என்பேன், அவனும் என்னை மாப்ள என்பான். யாருக்கு யார் மாப்பிள்ளை என்று இரண்டு வீட்டாரும் இன்றுவரை முடிவு செய்யவில்லை. உண்மையில் நாங்கள் அங்கே வளர்க்கப் போனது சிப்பிக் காளான். தொண்ணூறுகளின் கடைசி அது. மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்ததில் தலைக்கனம் ஏறியிருந்தது.

பொய் சொன்னதற்குக் காரணம் வீட்டுக்காரர். வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி பேசுகிறவர், சுத்த சைவம். பூட்டிய கதவுக்குப் பின்னால் முட்டை வெந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று தரகர் பயமுறுத்தியிருந்தார். சாவியைக் கொடுக்கும்போது அவரும் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "தம்பி, எனக்கு வாடை மட்டும் வரக்கூடாது. வந்துச்சுன்னா அன்னைக்கே காலி பண்ணிரணும்."

காலி செய்வது எங்களுக்கு ஆகாது. ஏற்கெனவே சமயநல்லூரில் எங்கள் மாட்டுக்கொட்டத்தில் இரண்டு முறை போட்ட காளான் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. மூன்றாவதும் போனால் இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் மில்லுக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். பாத்தி போட்ட பைகளை மொட்டு விடும் நேரத்தில் இடம் மாற்றினால் எல்லாம் பாழ். அந்த அறை போனால் நாங்களும் போனோம்.

வேகவைத்த வைக்கோலைச் சாக்கில் கட்டி மேலே ஏற்றினோம். படிக்கிற பிள்ளைகளுக்கு வைக்கோல் எதற்கு என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். மெத்தைக்கு என்றான் மாப்ள. மறுநாள் இன்னும் நாலு மூட்டை வந்தது. "மெத்தை எம்புட்டு ஒசரம் தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வைக்கோலில் காளான் விதை தூவிப் பைகளில் கட்டித் தொங்கவிட்டு மூன்று வாரம் ஆகி, மொட்டு விடும் நேரம் வந்தது. காளானும் மூச்சு விடும். அந்தக் காற்று வெளியே போகாவிட்டால் தண்டு நீண்டு குடை சிறுத்துவிடும். ஆகவே எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். அதே ஃபேன் வாடையையும் தெருவுக்கு அனுப்பிவிடும் என்பதால், வாடையை இழுத்துக்கொள்ள அதற்கு முன்னால் கரி வேண்டும். மாப்ள கணக்கில் புலி. அறையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி ஆயிரத்து எண்பது கன அடி என்றான். மணிக்கு ஆறு தடவை காற்று மாறினால் போதும், கரி கொஞ்சம் தடுக்கும், அதற்கும் சேர்த்து ஒன்பது அங்குல ஃபேன் தாராளம் என்று சுவரிலேயே எழுதிக் காட்டினான். கணக்கு சரிதான். அதை நாங்கள் மதித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் நாங்கள். மூணு குதிரைத் திறன் போதும் என்று படித்தவர் சொன்ன கிணற்றில் அஞ்சு குதிரைத் திறன் மோட்டாரை இறக்கி, கரையில் நின்று மீசையைத் தடவுகிற வம்சம். ஆனையூரில் கல்யாண மண்டபச் சமையலறைகளுக்கு ஃபேன் மாட்டும் எலக்ட்ரீசியன் அண்ணனும் எங்கள் ஊர்க்காரர்தான். சுவரில் இருந்த கணக்கைப் படித்துவிட்டு, "ஒம்போது இஞ்சா? கக்கூசுக்கா மாட்டப் போறீக?" என்றார். எங்களுக்கு ரோசம் வந்துவிட்டது. பதினெட்டு அங்குலத்தையே மாட்டச் சொன்னோம்.

போட்டதும் ஜன்னலில் ஒட்டிய காகிதம் உள்பக்கமாக உப்பியது. கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்ள, நான் உதைத்துத் திறந்தேன். ஈரத்துக்காகச் சுவரில் தொங்கவிட்ட சாக்கு ஒரு மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்தது. இருந்தாலும் கழற்ற மனமில்லை. கரியைப் போட்டால் வேகம் தானாகக் குறையும் என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

தேங்காய்ச் சிரட்டைக் கரியைக் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும். நாங்கள் கழுவவில்லை. நைசாக இருந்தால் இன்னும் நன்றாக வாடையை இழுக்கும் என்று உலக்கையால் வேறு இடித்தோம். இரண்டு கம்பி வலைக்கு நடுவே கொட்டி, ஃபேனுக்கு முன்னால் கட்டி, சுவிட்சைப் போட்டோம். ஒரு நிமிடத்தில் வலை பிய்ந்தது. உள்ளே இருந்த கரி மொத்தமும் வெளியே பறந்தது. வெளியே மாடியில் வெள்ளை வேட்டியை விரித்து, வீட்டுக்கார அம்மா கூழ் வத்தல் காய வைத்திருந்தார்.

கதவு தட்டப்பட்டது. ஒரு கையில் வத்தலோடு அந்த அம்மா நின்றார். "நான் எள்ளு போடலையே தம்பி" என்றார்.

மாப்ள என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவர் எங்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, வரிசையாகத் தொங்கிய பைகளைச் சுற்றி வந்தார். அன்றுதான் முதல் மொட்டுகள் விட்டிருந்தன. ஒன்றின் முன்னால் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அவருக்கு அது பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு மூக்கு செத்துப்போச்சு தம்பி. முப்பது வருசம் சாயத் தொட்டியில நின்ன மனுசன். இந்த வீட்டுக்கு மூக்கு நான்தான். தினமும் காலையில 'வாடை ஏதும் வருதா'ன்னு என்னையத்தான் கேப்பாரு. வரலைன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். வெளிய சொல்லிராதீங்க, அவருக்குக் கௌரவக் குறைச்சல்."

தினமும் காலையில் படிக்கட்டடியில் அவர்கள் தங்கள் மொழியில் பேசிக்கொள்வது எங்களுக்கும் கேட்கும். எங்களைக் காலி செய்ய நாள் குறிக்கிறார்கள் என்று நினைத்து நாங்கள் நடுங்கிக் கிடந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் வீட்டுக்காரரே மூச்சு வாங்க மேலே வந்துவிட்டார். கரி படிந்த வேட்டியைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார். மனைவியிடம் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். எங்களுக்கும் புரியட்டும் என்று அந்த அம்மா தமிழிலேயே பதில் சொன்னார்.

"வருது. மூணு வாரமா வருது. நான்தான் சொல்லலை. மொட்டு விட்ருக்கு, இப்பப் போய்க் காலி பண்ணச் சொல்லாதீங்க."

மாப்ளயின் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. ஃபேன் மட்டும் வெட்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் போய் அதை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு பையை இரண்டு கையாலும் பிடித்து, மொட்டில் மூக்கு படும்படி வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தார். இன்னொரு தடவையும் இழுத்தார்.

"எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார். "இருந்துட்டுப் போங்க."