எல்லாம் கேட்கும் ஆர்லினும் ஓர்வில் வீட்டுக் கூரையும்

“இந்த ஜில்லாவில ஒரு பூனை மரத்துல மாட்டிக்கிட்டா, அது பூனைக்கே உறைக்கிறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது ஊருக்குத் தெரிய ஒரு காப்பி ஆறுற நேரம்தான். என் காதுக்குள்ள போன சேதி எதுவும் வாய் வழியா வெளிய வராம செத்ததா சரித்திரமே கிடையாது!”

ஆர்லின் ஹாஸ்கேம்ப் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது ஃபெர்ன் நடத்தும் காப்பிக்கடையின் ஜன்னலோர மேசையில். சாட்சிகள் ஆறு பேர். ஒருவரும் மறுக்கவில்லை. கெட்டில் கிரீக் ஊரில் செய்தித்தாள் வியாழக்கிழமைதான் வரும். ஆர்லின் தினமும் வருவார்.

நாற்பது வருஷம் சீஸ் தொழிற்சாலையில் பாய்லர் பக்கத்தில் நின்ற மனிதர். அதனால் அடுத்த அறையிலிருந்து மனைவி டெலோரஸ் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. சமையலறையில் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்கேனர் பெட்டி முனகினால் மட்டும், தோட்டத்தின் கடைசியில் நின்றாலும் கேட்கும். இதை விளக்க விஸ்கான்சின் மாநிலத்தில் இதுவரை ஒரு டாக்டரும் முன்வரவில்லை.

அந்தப் பெட்டி போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு, பனி தள்ளும் வண்டி என்று எல்லோருடைய ரேடியோ பேச்சையும் வரிசையாகத் தேடிப் பிடித்துக் கொடுத்தது. யார் வீட்டு மாடு நெடுஞ்சாலைக்கு வந்தது, யார் வீட்டில் வான்கோழி கருகிப் புகை வந்தது, எந்தப் பாதிரியார் எத்தனை வேகத்தில் போய்ப் பிடிபட்டார் என்பதெல்லாம் ஆர்லினிடம் சுடச்சுடக் கிடைக்கும். ஷெரிஃபே சில நாள் காப்பிக்கடைக்கு வந்து விவரம் தெரிந்துகொண்டு போனார் என்பது ஆர்லின் தரப்பு வாதம்.

பேரரசுகள் எல்லாம் ஒருநாள் விழுந்தே தீரும். ஆர்லினுடையது, ஷெரிஃப் அலுவலகம் டிஜிட்டல் ரேடியோவுக்கு மாறிய நாளில் விழுந்தது. தீயணைப்புக்காரர்கள் மட்டும், புது ரேடியோ வாங்க வழியில்லாமல், பழைய அனலாகிலேயே தங்கிவிட்டார்கள். ஆக ஜில்லாவில் தீப்பிடித்தால் பழைய பெட்டியில் கேட்கலாம். திருட்டுப் போனால் ஒன்றும் கேட்காது. கெட்டில் கிரீக்கில் தீயும் அடிக்கடி பிடிக்கிற வழக்கமில்லை.

ஆர்லின் அசரவில்லை. டிஜிட்டலும் பேசும் புதுப் பெட்டி ஒன்றை வரவழைத்தார். ஒரு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதற்குச் சேனல்களை ஊட்டினார். அது வாய் திறந்தது. ஆனால் ஜில்லாவில் இரண்டு டவர்கள் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் ஒலிபரப்ப, ஆர்லின் வீடு சரியாக இரண்டுக்கும் நடுவில் இருந்தது. இரண்டு மாமியார்கள் ஒரே மூச்சில் புத்தி சொன்னால் மருமகள் காதில் என்ன விழுமோ, அதுதான் விழுந்தது.

காப்பிக்கடையில் இந்த வீழ்ச்சியைக் கொண்டாடும் பொறுப்பை ஓர்வில் ஸ்டென்ஸ்லண்ட் தானாகவே ஏற்றுக்கொண்டார். முதல் வகுப்பிலிருந்து ஆர்லினின் சிநேகிதர், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்.

“என்னடா ஆர்லின், இன்னிக்கு உன் பெட்டி என்ன சொல்லிச்சு?”

“கொஞ்சம் குளறுது. சரி பண்ணிடுவேன்.”

“குளறுதா? நேத்து வாய் கொப்புளிக்குதுன்னே. பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடா.”

மேசை குலுங்கிச் சிரித்தது. ஆர்லின் மூன்று வாரமாக வானிலை பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். அதிலும் ஃபெர்னுக்கு அவரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

ஓர்வில் இத்தனை துள்ளினாலும் அவர் தலைமேலும் ஒரு கத்தி தொங்கியது என்பது ஊரறிந்த விஷயம். போன வருஷம் ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். மேடிசன் நகரத்திலிருந்து ஓடிவந்த மகள் ஜோலீன், “இன்னொரு தடவை ஏணியில கால் வெச்சீங்கன்னா வீட்டை வித்துட்டு உங்களை என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவள் வசிப்பது மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்தும் இடம். ஏரி கிடையாது, மீன் கிடையாது, கிண்டல் பண்ண ஆர்லின் கிடையாது. மனைவி போனபின் ஓர்விலுக்கு மிஞ்சியது அந்த வீடுதான். “ஏற மாட்டேன்” என்று தூண்டில் பெட்டிமேல் கை வைத்துச் சத்தியம் செய்துகொடுத்தார். பைபிளைவிட அது அவருக்கு நெருக்கம்.

அக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. டவர் ஒன்றைப் பழுதுபார்க்க வந்தவர்கள், மதியம்வரைக்கும் டிஜிட்டல் பேச்சு முழுவதையும் பழைய அனலாக் சேனலோடு கோத்துவிட்டார்கள். இதைப் பற்றி ஷெரிஃப் அலுவலகச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சுவரில் ஒட்டியதை யாரும் படிப்பதில்லை என்ற ஒழுக்கத்தை எல்லா நாட்டு அரசாங்க ஊழியர்களும் ஒன்றுபோல் காக்கிறார்கள்.

டெலோரஸ் மாதா கோயில் பெண்களோடு மெத்தை விரிப்பு தைக்கப் போயிருந்தாள். ஆர்லின் தனியாக டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, ஃபிரிட்ஜ் மேலிருந்த பழைய பெட்டி கண்ணாடி மாதிரித் தெளிவாகப் பேசியது. ஷெரிஃப் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை ரோண்டாவின் குரல், ரோந்து வண்டியில் இருந்த ட்ராயைக் கூப்பிட்டது.

“ட்ராய், ஓக் தெருவுக்குப் போறியா? நம்ம ஓர்வில் ஸ்டென்ஸ்லண்ட் கூரை மேல இருக்கார்.”

“கூரை மேலயா? அங்க என்ன பண்றார்?”

“உக்காந்திருக்கார், அங்கேருந்தே போன் பண்றார். கூரைத் தண்ணி போற தகரக்குழாய்ல அடைச்ச இலையை வழிக்க ஏறினாராம். ஏணி சாஞ்சிடுச்சு. அடி ஒண்ணும் இல்ல. சைரன் வேணாங்கறார், தீயணைப்பு வண்டி வேணாங்கறார். தீயணைப்பு சேனல்ல சொன்னா ஆர்லின் கேட்டுடுவாராம்.”

“நாம டிஜிட்டல்ல பேசறோம்னு சொல்லு. ஆர்லினோட தாத்தாவே எழுந்து வந்தாலும் கேக்க முடியாது.”

“சொன்னேன். ‘அந்த ஊதுகுழலுக்கு மட்டும் தெரியக்கூடாதும்மா, என் பொண்ணு இப்ப வந்துடுவா, வீடு போயிடும்’னார். பாவம், குரலே நடுங்குது. சீக்கிரம் போ.”

ஆர்லினின் கையிலிருந்த டோஸ்ட் வெண்ணெய்ப் பக்கமாகத் தரையில் விழுந்தது. மூன்று வாரப் பஞ்சத்துக்குப் பின் வானம் திறந்து விருந்தே கொட்டிவிட்டது! அதுவும் யாரைப் பற்றி! ‘ஊதுகுழல்’ என்ற சொல்லுக்குக் கோபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அதை வெற்றிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வழியெல்லாம் ஒத்திகை. முதலில் ஒன்றும் பேசாமல் சர்க்கரையைக் கலக்குவது. பிறகு, “இந்த வருஷம் கூரைகள்ல என்னமோ பெரிய பறவை உக்காருதாமே” என்று பொதுவாகத் தொடங்குவது. ஓர்விலின் முகம் வெளுத்ததும் ரோண்டா குரலிலேயே பேசிக்காட்டுவது. நல்ல கதைசொல்லிக்கு இடைவெளிகள்தான் முக்கியம்.

ரோண்டாவின் குரலைப் பேசிப்பார்த்தார். “குரலே நடுங்குது” என்ற இடம் சரியாக வரவில்லை. மறுபடி முயன்றார். அந்த இடம் மட்டும் வரவே மாட்டேன் என்றது. அதை விட்டுவிடலாம் என்று தீர்மானித்தபோது கடை வந்துவிட்டது.

அவர் உட்கார்ந்து சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருக்கையில் ஓர்வில் உள்ளே வந்தார். தலை படிய வாரியிருந்தது. பின்னாலேயே ஜோலீன். அவள் நடையிலேயே ஒரு விசாரணைக் கமிஷன் இருந்தது.

“என்ன ஆர்லின், கொப்புளிச்சு முடிஞ்சுதா?” என்றார் ஓர்வில், வழக்கத்தைவிடச் சத்தமாக. சொல்லிவிட்டு ஆர்லினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்வெட்டரின் முதுகில், மேப்பிள் இலை ஒன்று பதக்கம் போல ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜோலீன் உட்காரவில்லை. “ஏணி ஏன் புல்லுல கிடந்துதுன்னு கேட்டா, எங்கப்பா காத்துல விழுந்துச்சுங்கறார். ஷெரிஃப் வண்டி ஏன் வந்துச்சுன்னு கேட்டா, ட்ராய் வான்கோழிப் பரிசுக் குலுக்கல் சீட்டு விக்க வந்தான்ங்கறார். சீட்டு எங்கன்னு கேட்டா முழிக்கிறார்.” அவள் ஆர்லின் பக்கம் திரும்பினாள். “ஆர்லின் அங்கிள், உங்களுக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒண்ணும் நடக்காது. காலையில என்ன ஆச்சு? சொல்லுங்க.”

மேசை முழுவதும் ஆர்லினைப் பார்த்தது. ஃபெர்ன் காப்பிக் குடுவையோடு அப்படியே நின்றாள். இப்படி ஒரு மேடை ஒரு மனிதனுக்கு ஆயுளில் ஒருமுறைதான் போட்டுக்கொடுப்பார்கள்.

ஆர்லின் கை நீட்டி ஓர்விலின் முதுகில் சிநேகிதமாக ஒரு தட்டு தட்டினார். கை திரும்பி வரும்போது இலை அவர் உள்ளங்கையில் இருந்தது. அது அப்படியே ஜாக்கெட் பைக்குள் போனது.

“ஷெரிஃப் ஆளுங்க எல்லாம் டிஜிட்டலுக்குப் போயிட்டாங்கம்மா,” என்றார். “எனக்கு ஒண்ணும் கேக்கறதில்ல. அத்தனை காசைப் போட்டு வாங்கின பெட்டி. வாய் கொப்புளிக்குது.”

அவராகவே அந்த வார்த்தையைச் சொல்லக் கேட்டதும் மேசை வெடித்துச் சிரித்தது. ஃபெர்ன்கூடச் சிரித்தாள். ஜோலீன் பெருமூச்சு விட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அப்பாவுக்கும் சேர்த்து முட்டை கொண்டுவரச் சொன்னாள். சிரிக்காதவர் ஓர்வில் ஒருவர்தான். ஆர்லின் தன் காப்பியில் நாலாவது முறையாகச் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

ஜோலீன் மேடிசனுக்குத் திரும்பிய பிறகு, ஆர்லினின் பிக்கப் வண்டி ஓக் தெருவில் வந்து நின்றது. அவர் இறங்கி, புல்லில் கிடந்த ஏணியைத் தூக்கி வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டத் தொடங்கினார். ஓர்வில் வாசலுக்கு வந்தார்.

“டேய், அது என் ஏணிடா.”

“ஆன்டெனாவை ஏத்திக் கட்டணும். எனக்கு வேணும்.”

“எப்பத் திருப்பித் தருவே?”

“தர மாட்டேன். மிச்ச இலையை நாளைக்கு நானே வந்து வழிச்சுக்கறேன்.”

ஓர்வில் படியிறங்கி வந்தார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொடுத்தார்.

சாயங்காலம் ஊர் வழக்கப்படி ஆர்லினும் டெலோரஸும் மதுக்கடையில் வெள்ளிக்கிழமைப் பொரித்த மீனுக்கு உட்கார்ந்திருந்தார்கள். டெலோரஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி கேட்டாள்: “தையல்ல இருந்ததால எனக்கு ஒண்ணும் தெரியல. ஊர்ல என்னப்பா விசேஷம்?”

ஆர்லின் எலுமிச்சைத் துண்டை மீன்மேல் பிழிந்தார்.

“ஒண்ணுமில்ல,” என்றார். “மீன் நல்லாயிருக்கு.”