மழைக்கால்வாயில் பச்சை நிறம்

பூன் லே ரயில் நிலையத்தில் இறங்கி இன்னொரு பேருந்து பிடித்துப் போகவேண்டிய தொழிற்பேட்டை அது. அங்கே உலோகப் பாகங்களுக்கு முலாம் பூசும் ஒரு சிறிய தொழிற்சாலையில் நான் சுற்றுச்சூழல் அதிகாரியாக இருந்தேன். பெயர்தான் பெரியது. புகை, கழிவுநீர், ரசாயனக் கழிவு எல்லாம் சட்டப்படி வெளியேறுகின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. அரசாங்கத்து ஆள் வந்து சொல்வதற்கு முன்னால் நம் குறையை நாமே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பார் முதலாளி. அதனால் வருடத்துக்கு ஒருமுறை, முன்பின் பார்க்காத இடத்தைப் பார்ப்பதுபோல், அந்தத் தொழிற்சாலையை மூலை முடுக்கெல்லாம் சுற்றி வருவேன். அறிக்கையில் அதற்குச் சுய தணிக்கை என்று பெயர். பேச்சில் எல்லாருக்கும் அது ஆடிட்.

முலாம் பூசும் பிரிவை ஒரு அக்கா கவனித்துக்கொண்டார். புக்கிட் மேராவிலிருந்து வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாடுகிறவர். தொட்டிகளுக்கு நடுவில் நடக்கும்போதும் உதட்டுக்குள் ஏதாவது ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நான் சேர்ந்த புதிதில் சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஆடிட் பண்ற பொண்ணு பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. எனக்கென்ன பயம் லா? சாப்பிடு."

அன்று முதல் மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். மிளகாய் அரைத்து வதக்கிய அவருடைய சம்பல் நெத்திலி என் சோற்றுக்கு வரும், என் வத்தக்குழம்பு அவர் பக்கம் போகும். எனக்குக் கர்ப்பம் கலைந்தபோது, என் அம்மாவுக்கு முன்னால் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர் அவர்தான். என் தலையைச் சீவிவிட்டு, பின்னிவிட்டு, என் கணவரைச் சாப்பிட அனுப்பிவிட்டு, இருட்டும்வரை பக்கத்திலேயே இருந்தார். அப்போது அவர் வீட்டிலும் நிலைமை நன்றாக இல்லை. கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய், டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தார்கள். ஒரே மகள் கல்யாணமாகி வெளிநாட்டில் இருந்தாள். சிகிச்சை நாட்களில் அக்கா சீக்கிரம் கிளம்ப முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். அக்கா போய், சிகிச்சை முடிந்து களைத்திருக்கும் கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்துவருவார். வேறெந்த வேலையிலும் இது நடக்காது என்று அடிக்கடி சொல்வார்.

அந்த வருடத்து ஆடிட்டில் நான் அவருடைய பிரிவுக்குள் நுழைந்தபோது, அவரே என்னைக் கூப்பிட்டுக் கழிவுநீர்க் குழியைக் காட்டினார். பாகங்களைக் கழுவிய தண்ணீரெல்லாம் அந்தத் தரைக்குழியில் சேர்ந்து, அங்கிருந்து சுத்திகரிப்புக்குப் போகும்.

"சனிக்கிழமை எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் போறோம். திங்கக்கிழமை வந்து பாத்தா மட்டம் இறங்கியிருக்கு. பம்ப் ஓடலை. தண்ணி எங்க போகுது?"

குழியில் சாயம் கலந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். சோதனைக்கென்றே விற்கிற, தீங்கு செய்யாத பச்சைச் சாயம். முலாம் வேலையை நிறுத்திவிட்டு அக்காவே அதைக் குழியில் ஊற்றினார். நான் தொழிற்சாலைக்குப் பின்னால் போய் மழைநீர்க் கால்வாயின் ஓரத்தில் நின்றேன். இங்கே கழிவுநீருக்குத் தனிக்குழாய், மழைநீருக்குத் தனிக்கால்வாய். மழைக்கால்வாயில் விழுவதெல்லாம் கடைசியில் நீர்த்தேக்கத்துக்குப் போகும். நீர்த்தேக்கத்திலிருந்து நம் வீட்டுக் குழாய்க்கு வரும்.

மழையில்லாத காலை. கால்வாயின் அடியில் மெல்லிய நீரோட்டம். ஒரு மைனா இறங்கிக் குடித்துவிட்டுப் போனது. ஒன்றும் வராது என்று நான் நம்பத் தொடங்கிய நேரத்தில், கால்வாய்ச் சுவரின் இணைப்பிலிருந்து நூல்போலப் பச்சை இறங்கியது. பிறகு கைவிரல் அகலத்துக்கு. பிறகு நீரோட்டம் முழுவதும் பச்சையாயிற்று.

அக்கா எப்போது வந்து பக்கத்தில் நின்றார் என்று தெரியவில்லை.

"குழியில விரிசல் விட்டிருக்கு," என்றேன்.

"சிமெண்ட் வச்சுப் பூசிட்டா சரியாயிடாதா?"

"எவ்ளோ நாளா ஒழுகுதுன்னு தெரியலையே அக்கா. மண்ணுக்குள்ள எவ்ளோ எறங்கியிருக்கோ. அதுல நிக்கல் இருக்கு, குரோமியம் இருக்கு."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கே ரிப்போர்ட் எழுதணுமா? மொதல்ல பூசிப் பாப்போம். அப்பவும் ஒழுகினா எழுது."

"முடியாது அக்கா."

"என் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்ப சரி," என்றார். திரும்பி உள்ளே போனார். அந்த 'சரி'யில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதலாளி சீனர், அப்பாவிடமிருந்து தொழிலைப் பெற்றவர். நான் கூட்டிப்போய்க் காட்டியதும் கால்வாய் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அந்தக் குழியைத் தோண்டும்போது தான் பள்ளிச் சீருடையில் வந்து வேடிக்கை பார்த்ததாகச் சொன்னார். பிறகு எழுந்து, பேண்டைத் தட்டிவிட்டு, முலாம் பிரிவை அப்படியே நிறுத்தச் சொன்னார். என் முன்னாலேயே அரசாங்க அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னார். அன்று அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

ஆனால் மரியாதை ஒரு தொழிற்சாலையைக் காப்பாற்றாது. தரையை உடைத்துப் பார்த்தார்கள். அடியில் மண் மஞ்சளும் பச்சையுமாகக் கறைபட்டிருந்தது. தோண்டத் தோண்ட அந்த நிறம் சுவருக்கு அப்பாலும் போனது. மண்ணை அள்ளி அகற்றி, தரையைப் புதிதாகப் போட்டு, தொட்டிகளைத் திரும்ப நிறுத்துவது தன் சக்திக்கு மீறியது என்று முதலாளி கணக்குப் பார்த்தார். முலாம் வேலையை எல்லைக்கு அப்பால் ஜோகூரில் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, பொருத்தும் பிரிவை மட்டும் வைத்துக்கொண்டார். வேலை பெர்மிட்டில் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தொழிலாளிகள் வேறு இடங்களுக்கு மாறினார்கள், சிலர் ஊருக்கே திரும்பினார்கள். அக்காவுக்கு அங்கே கொடுக்க வேறு வேலை இல்லை.

கடைசி நாளன்று சாப்பாட்டு அறையில் காத்திருந்தேன். அவர் வரவில்லை. தேடிப்போனபோது, காலியான தொட்டிகளைத் தனியாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் அவற்றைப் பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துப்போகப் போகிறான். உதட்டில் பாட்டு இல்லை. நானும் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினேன். சாயங்காலம் வாசலருகில், "நல்லா இரு மா," என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டார். சுவா சூ காங்கில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு போனைப் பார்ப்பேன். ஒருநாள் என் கணவர், "நீ எழுதாம இருந்திருக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது."

"அப்புறம் ஏன் அழுவுற?"

முடியாது என்பதால்தான் அழுகிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? தவறு செய்திருந்தால் போய்க் காலில் விழலாம்.

சில மாதங்கள் கழித்துத் தேக்கா சந்தையில் மீன்கடை முன்னால் எதிரெதிரே வந்து நின்றுவிட்டோம். இளைத்திருந்தார். உணவங்காடியில் தட்டு எடுக்கும் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். ஷிஃப்ட் மாறி மாறி வரும், நடுவில் கிளம்ப விடமாட்டார்கள்.

"அப்ப அண்ணன் டயாலிசிஸுக்கு?"

"டாக்சியில தனியாத்தான் போயிட்டு வர்றாரு. பழகிட்டாரு."

வாரத்தில் ஒருநாள் நான் விடுப்பு எடுத்துக் கூட்டிப்போகிறேன் என்றேன். அவர் மீன்காரரிடம் மீதியை வாங்கிப் பர்ஸில் போட்டார். "வேணாம் மா. மீன் கெட்டுடும், நான் போறேன்." கூட்டத்தில் அவருடைய தலை மறையும்வரை நின்றேன். என்ன வாங்க வந்தேன் என்பது மறந்துபோய்விட்டது.

அக்காவின் கணவர் இறந்த செய்தி பழைய வேலையாட்களின் வாட்ஸப் குழுவில் வந்தது. புக்கிட் மேராவில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டி, சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசைமேல் நிலக்கடலையும் பொட்டலத் தண்ணீரும். முதலாளி வந்து நின்று தலைவணங்கிவிட்டுப் போனார். நான் வணங்கிவிட்டு வந்ததும் அக்கா தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"சிகிச்சை முடிஞ்சு வந்து லிஃப்ட் வாசல்ல விழுந்துட்டாரு. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாதான் பாத்திருக்காங்க. நான் வேலையில இருந்தேன். கூட இருந்திருந்தாலும் போயிருப்பாருன்னு டாக்டர் சொல்றாரு."

"அக்கா..."

"ஒண்ணும் சொல்லாத. நீ செஞ்சது தப்புன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்லவும் மாட்டேன். மட்டம் இறங்குதுன்னு உன்கிட்ட சொன்னதே நான்தானே? ஆனா உன்னப் பாக்கிறப்ப எனக்கு வலிக்குது மா. அதுக்கு நான் என்ன பண்றது?"

ஜெபம் தொடங்கியது. அக்கா எழுந்து முன்வரிசைக்குப் போனார். பாட்டு வந்தபோது எல்லாரும் பாடினார்கள். அவருடைய குரல் மட்டும் கேட்கவில்லை. நான் பின்னால் நின்றேன். முடிந்ததும் சொல்லிக்கொள்ளாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

இப்போது வேறொரு நிறுவனத்தில் அதே வேலையைத்தான் செய்கிறேன். மண்ணை அகற்றிய பிறகு எடுத்த சோதனைகளில் அந்தக் கால்வாய் நீர் சுத்தமாக இருந்தது என்று முதலாளி எனக்குச் செய்தி அனுப்பினார். அது எனக்கு முக்கியம். அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அக்காவுக்கு வாழ்த்து அனுப்புவேன். பெரும்பாலும் பதில் வராது. சென்ற மாதம் மட்டும், நான் எதுவும் அனுப்பாத ஒரு நாளில், அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பேரக்குழந்தையின் ஞானஸ்நானம். வெள்ளைச் சட்டையில் குழந்தை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருக்கிறது. படத்தோடு ஒரு சொல்லும் இல்லை. எனக்கென்று அனுப்பினாரா, பலருக்கும் சேர்த்து அனுப்பியதில் நானும் இருந்தேனா, தெரியாது. நீளமாக எதையோ எழுதினேன், அழித்தேன். கடைசியில், "குழந்தை அழகா இருக்கு அக்கா," என்று மட்டும் அனுப்பினேன்.

அவர் படித்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.