சீலா மீன் பேர் வைத்த கார்

நியூஜெர்சியின் எடிசன் நகரில் மளிகை வாங்கிவிட்டுக் கடை வாசலுக்கு வந்தபோது, ஒரு பழைய கார் உறுமிக்கொண்டே வந்து நின்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பாராகுடா.

எனக்கு ஏழு வயதில் உம்மாவும் நானும் கீழக்கரையிலிருந்து நியூஜெர்சிக்கு, வாப்பாவிடம் வந்து சேர்ந்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்க உம்மா வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் வழியே பனியைப் பார்த்து, "எங்கள ஊருக்கே அனுப்பிடுங்க" என்று அழுவார்.

பனி உருகிய பிறகு ஒரு சனிக்கிழமை வாப்பா பழைய நீலக் கார் ஒன்றை வாங்கி ஓட்டிவந்தார். உள்ளே பெட்ரோலும் சூடான ரெக்சினும் கலந்து மணத்தது.

"பேரு பாராகுடா. நம்ம சீலா மீன்தான்!"

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்தார். காரின் முன்பக்கம் குனிந்து பார்த்தார். "சீலாவா? அந்தக் கூர்ப்பல்லே காணோமே!" என்று சிரித்தார். இங்கே வந்தபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு வாப்பா ஒவ்வொரு கார் பேருக்கும் அர்த்தம் சொல்ல, உம்மா கேட்டுக்கொண்டே முன்சீட்டில் வருவார். மஸ்டாங் என்றால் காட்டுக்குதிரை. இம்பாலா என்றால் மான். "அந்தா, குதிரை நம்மள முந்துது. விடாதீங்க!" என்பார். கோடை வந்தபோது ஸ்டியரிங்கை உம்மாவே பிடித்திருந்தார். ஊருக்குப் போகிற பேச்சு நின்றுபோனது.

கடை வாசலிலிருந்தே உம்மாவுக்கு ஃபோன் செய்து, பாராகுடா நிற்பதைச் சொன்னேன்.

"அந்தக் கார்க்காரரப் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வை" என்றார் உம்மா. "நான் டிரைவ் பண்ணிட்டு வர்றேன்."