அம்மா வாங்கிய முழு மதிப்பெண்

என் ஆராய்ச்சிகளின் பட்டியல் எட்டுப் பக்கம் வரும். மூளை நரம்புகள் மெல்லச் சிதைந்து நினைவு அழியும் நோயைப் பற்றித்தான் எல்லாமே. பதவி உயர்வுக்கு, மாநாட்டுக்கு என்று யார் கேட்டாலும் உடனே அனுப்பிவிடுவேன். அதில் அம்மாவைப் பற்றி ஒரு வரி கிடையாது. இருந்திருக்க வேண்டும்.

எனக்கு வேலை பெங்களூரில். கள ஆய்வுக்கு மட்டும் சொந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஜெகதாப்பட்டினம் முதல் நார்த்தாமலை வரை வயதானவர்களின் நினைவுத்திறனைச் சோதிக்க வேண்டும். சோதனைத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் எழுதி, திருவரங்குளத்தில் தனியாக இருந்த அம்மாவிடம்தான் முதலில் கேட்டுப் பார்த்தேன். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எதிலும் குறை கண்டுபிடிக்காமல் விடமாட்டாள்.

மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு, வேறு பேச்சுப் பேசி, ஐந்து நிமிடம் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்க வேண்டும். பூட்டு, சாவி, கதவு என்று எழுதியிருந்தேன்.

"இது ஒரு பரீட்சையா? பூட்டுன்னா சாவி தானா வாயில வந்துரும். ஒண்ணுக்கொண்ணு ஒட்டாததா வையி" என்றாள். முறம், குதிரை, மழை என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். "கடியாரம் வரையச் சொல்றியே, பேனாவே பிடிக்காதவுக என்ன பண்ணுவாக? தீக்குச்சிய அடுக்கச் சொல்லு."

அதையும் மாற்றினேன். அந்தக் கோடை முழுக்க அவளை எதிரே உட்காரவைத்து அதே தாளை இருபது தடவையாவது கேட்டிருப்பேன். நாங்கள் இருவரும் அவ்வளவு சிரித்தது அதற்குப் பிறகு இல்லை.

சில வருடங்கள் கழித்து, போனில் கேட்டதையே திரும்பக் கேட்க ஆரம்பித்தாள். ஊருக்கு வந்தால் ஃப்ரிட்ஜில் நான்கு பாக்கெட் பால் கெட்டுக் கிடந்தது. அந்தத் தாளை எடுத்தேன். அம்மா முறம், குதிரை, மழை என்று தயங்காமல் சொன்னாள். குச்சிகளை மடமடவென்று அடுக்கினாள். முழு மதிப்பெண். அப்பாடா என்று மறுநாளே பெங்களூருக்குக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த வருடமும் அதே தாள், அதே மதிப்பெண். பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மா கடைத்தெருவுல நின்னுக்கிட்டு, என் வீடு எங்கிட்டு இருக்குன்னு கேக்குறாங்க. ஒரு எட்டு டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருங்களேன்" என்றார்.

"நானே டெஸ்ட் பண்ணிட்டேங்க்கா. வயசாச்சுல்ல" என்றேன். படித்த திமிர், வேறென்ன.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் விடை மனப்பாடமாகிவிடும், அந்த மதிப்பெண்ணை நம்பக் கூடாது என்று நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். பட்டியலில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

கடைசியில் திருச்சியில் ஸ்கேன் எடுத்தோம். படத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடம் வீணாகியிருந்தது. மருந்து பெரிதாக எதையும் தடுத்திருக்காது என்பது தெரியும். ஆனால் அந்த இரண்டு வருடமும் அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. பக்கத்தில் இருந்திருக்கலாம். இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போது நீண்ட விடுப்பில் அவளோடு இருக்கிறேன். வீட்டில் இரண்டு பேர், ஆனால் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. யாரோ அதிகாரி வந்து தங்கியிருப்பதாக நினைத்துக்கொண்டு அம்மா என்னிடம் அளந்து பேசுகிறாள். போன வாரம் இட்லி ஊட்டும்போது என் முகத்தையே பார்த்தாள்.

"ஒங்களுக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"யாரு பாத்துக்கிறா?"

"ரொம்ப நாளா தனியாத்தான் இருந்தாங்க."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. என் கையைத் தள்ளினாள். "பெத்தவளத் தனியா விட்டுப்புட்டு இங்க வந்து எனக்கு ஊட்டிக்கிட்டு இருக்கீங்களா? நல்லாருக்கு! எந்திரிங்க. மொதல்ல வீட்டுக்குப் போங்க."

தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால் செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தேன். எனக்குப் போக வேறு வீடு இல்லை.