வாபஸ் வாங்க விடாத அம்மா

எண்பதுகளில் அரசாங்கம் சாலைக்காக எடுத்த என் நிலத்துக்குக் கோர்ட்டு கொடுத்த நஷ்டஈட்டை, என் வக்கீலே தன் சொந்தக் கணக்கில் போட்டுக்கொண்டார். அது தவறு. இன்றைக்கும் தவறுதான்.

வக்கீல்கள் மீது புகார் வாங்கும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். உடனே அவர் எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்துக்கே வந்து, "வாபஸ் வாங்குப்பா, பணம் வந்துடும்" என்று தன் காரிலேயே என்னை அந்த அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே மனு வாங்கும் எழுத்தர் அம்மா, "பணம் வந்துச்சா?" என்றார்.

"வந்துடும்னு சொல்றாரும்மா."

"அப்ப குடுத்துட்டு இட்டுக்கினு வாங்க சார்" என்று வக்கீலிடம் சொல்லிவிட்டு டைப் அடிக்கத் தொடங்கினார்.

அந்த வாரமே பணம் வந்தது; அப்புறம்தான் புகாரை வாபஸ் வாங்கினேன். அந்தப் பணத்தில் வாலாஜாபாத் பக்கம் வாங்கிய நிலத்தில்தான் இன்றும் நெல் போடுகிறேன்.

இன்று காலை ஒரகடத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். "மீதி அப்பால தரேம்மா" என்ற டிரைவரை, "அப்பாலன்னா எப்பப்பா?" என்று ஒரு குரல் மடக்கியது. அதே அம்மா!

கைகூப்பி நன்றி சொன்னேன். அவருக்கு என்னை நினைவில்லை; நடந்ததைச் சொன்னேன்.

"எவ்ளோ பேரு வந்தாங்கண்ணா! முழுசா வந்துச்சா?"

"வட்டி வரலம்மா."

"அப்ப ஏன் வாபஸ் வாங்குனீங்க?"

ஆட்டோவே சிரித்தது.

கட்சிக்காரர் பணத்தை வக்கீல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். அந்தக் கணக்கை வக்கீல் சங்கம் வருடாவருடம் பார்க்க வேண்டும். இந்த அம்மாவைப் போன்றவர்களை அரசாங்கம் அந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். இதைப் படிக்கும் வக்கீல் நண்பர்கள், என்னைத் திட்டுவதற்கு முன்னால் தங்கள் பாஸ்புக்கை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும்.